கப்பல் சிநேகம்

ரயில் சிநேகம் என்று நம்மவர்களிடையே ஒரு சொல் வழங்கி வருகிறது. எழும்பூரில் ஆரம்பித்து, செங்கற்பட்டில் ஊரும் பேரும் விசாரிக்கப்பட்டு, விழுப்புரத்தில் பொட்டலம் பிரித்துப் புளியோதரை பகிரப்பட்டு, திருச்சிராப்பள்ளியில் "அவசியம் ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள்" என்ற உபசார வார்த்தையோடு மறைந்து போவது அது. வீட்டு விலாசத்தை அவரும் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை. இதில் யாருக்கும் மனஸ்தாபமும் இல்லை.

கப்பல் சிநேகம் அப்படிப்பட்டதல்ல. அது வேறு ரகம். ரயிலில் ஜன்னலுக்கு வெளியே ஊர்களும் வயல்களும் ஓடி வருகின்றன. பிரயாணி அவற்றைப் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்கிவிடலாம். நடுக்கடலில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? முதல் நாள் கடலைப் பார்க்கிறோம். இரண்டாம் நாளும் கடலையே பார்க்கிறோம். மூன்றாம் நாள் பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருக்கும் மனிதரைப் பார்க்கிறோம். அவரும் இரண்டு நாள் கடலைப் பார்த்துச் சலித்தவர்தாம். சம்பாஷணை ஆரம்பமாகிவிடுகிறது.

இன்னொரு விசேஷமும் உண்டு. கரையில் ஒருவர் பெரிய அதிகாரியாக இருக்கலாம். மற்றவர் சிறிய கடைக்காரராக இருக்கலாம். அலை புரட்டும்போது இருவரும் ஒரே கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தஸ்து என்னும் சட்டையைத் துறைமுகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள்போல் மனிதர்கள் பழகுகிறார்கள்.

இதில் அபாயமும் இல்லாமலில்லை. ரயிலில் வாய் ஓயாத ஆசாமி ஒருவரிடம் அகப்பட்டுக்கொண்டால், அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார் என்று நம்பிக்கொண்டிருக்கலாம். கப்பலில் அந்த நம்பிக்கைக்கு இடமே கிடையாது. காலைப் பலகாரத்தின்போது அவர். மேல்தளத்தில் உலாவப் போனால் அவர். இராச் சாப்பாட்டிலும் அவரே. ஆனாலும், தப்பியோட வழியில்லாத அந்தச் சங்கடந்தான் சில உத்தமமான சிநேகங்களுக்கும் தாயாக இருந்திருக்கிறது. அத்தகைய இரண்டு கதைகளை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஓர் உல்லாசக் கப்பலில்

காரியம் எதுவுமின்றி, ஊர் பார்ப்பதற்காகவே கப்பலேறும் வழக்கம் அவ்வளவு பழமையானதன்று. 1844-ஆம் வருஷம் பி. அண்டு ஓ. கம்பெனியார் மத்தியதரைக் கடலில் இத்தகைய சுற்றுப் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். கல்கத்தாவில் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே அவ்வருஷம் அவர்கள் கொடுத்த இலவசச் சீட்டில் போய் வந்து ஒரு புஸ்தகமே எழுதினார். 1891-இல் ஜெர்மனி தேசத்து 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பல், குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வராமல் சும்மா நிற்பானேன் என்று, 241 பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு கீழை நாடுகளைச் சுற்றிக்காட்டி வந்தது.

இவ்விரண்டுக்கும் இடையே, 1867-ஆம் வருஷம் ஜூன் 8-ந் தேதி, நியூயார்க் துறைமுகத்திலிருந்து 'குவேக்கர் ஸிட்டி' என்ற கப்பல் புறப்பட்டது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வேலை செய்த பழைய சக்கரக் கப்பல் அது. ஐரோப்பாவையும் புண்ணிய பூமியான பாலஸ்தீனத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவது திட்டம். சீட்டின் விலை 1,250 டாலர். அக்காலத்தில் அது ஒரு சிறு சொத்து. ஆகவே பிரயாணிகளில் பெரும்பாலோர் பணமும் வயதும் பக்தியும் நிரம்பியவர்கள். புறப்பட்ட அன்றே கடல் கொந்தளித்ததால், கப்பல் ஊருக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சி இரண்டு நாள் நின்றது!

அந்தப் பக்திமான்களின் நடுவே, சுருட்டும் கையுமாக ஒரு முப்பத்தொரு வயதுப் பத்திரிகைக்காரர் இருந்தார். ஸான்பிரான்ஸிஸ்கோ பத்திரிகை ஒன்று அவருடைய சீட்டுக்குப் பணம் கட்டி, கடிதம் எழுதும்படி அனுப்பியிருந்தது. அவர்தாம் மார்க் ட்வெயின். இரவு தோறும் நடந்த பிரார்த்தனைக் கூட்டங்களையும், எதைக் கண்டாலும் பாட்டுக் கட்டி யாரையும் விடாமல் படித்துக்காட்டிய விவசாயக் கவிராயர் ஒருவரையும் அவர் என்ன பாடு படுத்தினார் என்பதை, 1869-இல் வெளிவந்த அவருடைய பிரயாண நூலில் காணலாம். ஊர் திரும்பிய மறுநாளே அந்தப் பிரயாணத்தைச் சவ ஊர்வலத்துக்கு ஒப்பிட்டுப் பத்திரிகையில் எழுதிவிட்டார் என்றால், சகபிரயாணிகளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தச் சவ ஊர்வலத்திலேதான் அவருடைய வாழ்க்கை திரும்பியது. இரண்டு பேர் அதற்குக் காரணம்.

ஒருவர் ஸ்ரீமதி மேரி ஃபேர்பாங்க்ஸ். கிளீவ்லண்டு நகரத்துப் பத்திரிகை முதலாளி ஒருவரின் மனைவி. தாமும் புனைபெயரில் பிரயாணக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தவர். ட்வெயினைவிட ஏழு வயதுதான் மூத்தவர். அப்படியிருந்தும் ட்வெயின் அவரை 'அம்மா' என்றே அழைத்தார். தாம் எழுதியதை அந்த அம்மாளிடம் படித்துக்காட்டுவார். கரடுமுரடான இடங்களை அந்த அம்மாள் கண்டிப்பார். கப்பலில் தொடங்கிய இந்தக் கண்டிப்பும் அன்பும் கடித வழியாக முப்பது வருஷம், 1898-இல் அந்த அம்மாள் காலமாகும் வரையில் நீடித்தன.

மற்றொருவன் சார்லி லாங்டன் என்ற பையன். எல்மைரா என்ற ஊரின் பெரிய நிலக்கரி வியாபாரியின் மகன். பதினெட்டு வயது அந்தப் பிரயாணத்தின் நடுவில்தான் நிறைந்தது. ட்வெயினுக்கு அவன்மீது முதலில் அப்படியொன்றும் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஸ்மர்னா வளைகுடாவில் கப்பல் நின்றிருந்த ஒரு நாள், பையன் தன் அறையில் வைத்திருந்த தந்தச் சித்திரம் ஒன்றை எடுத்துக் காட்டினான். அது அவனுடைய தமக்கை ஒலிவியாவின் படம். அன்று முதல் அந்த முகம் தம் மனத்தைவிட்டு அகலவில்லை என்று ட்வெயின் முதுமையில் நினைவு கூர்ந்தார்.

படத்தைப் பார்த்தவுடன் கதை முடிந்துவிடவில்லை. அவ்வருஷம் டிசம்பரில் அந்தப் பெண்ணை நேரில் சந்தித்தார். மறு வருஷம் தம் விருப்பத்தைத் தெரிவித்தார், மறுத்துவிட்டாள். சலியாமல் கடிதம் எழுதினார். 1870-ஆம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி விவாகம் நடந்தது. அதன் பிறகு முப்பத்து நான்கு வருஷம், ஒலிவியா உயிரோடிருந்தவரையில், அவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் திருத்தியவள் அந்த அம்மைதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குவேக்கர் ஸிட்டியில் எழுபது பேருக்கு முன்பின்னாகப் பிரயாணம் செய்தார்கள். எல்லோரும் அதே ஐந்து மாதம், அதே கடலில், அதே மேஜைகளில் உட்கார்ந்தவர்களே. அவர்களில் பெரும்பாலோருடைய சிநேகம் நவம்பரில் நியூயார்க் கரையோடு தீர்ந்துபோயிற்று. கப்பல் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தது அறிமுகம் மட்டுமே. கரையில் இறங்கிய பிறகு அதைத் தொடர்ந்தவர்களுக்கே அது உறவாயிற்று.

ஒரு துறவியும் ஒரு வியாபாரியும்

இதற்கு நம் தேசத்திலேயே இதைவிடப் பெரிய சாட்சி உண்டு. அது உல்லாசப் பிரயாணமன்று. ஆயினும் சகபிரயாணியின் மகிமையைச் சொல்லும்போது அதை விட்டுவிட முடியாது.

1893-ஆம் வருஷம் ஜூலை மாதம், ஜப்பானிலுள்ள யோகஹாமாவிலிருந்து கனடாவின் வான்கூவர் துறைமுகத்துக்கு 'எம்ப்ரஸ் ஆப் இந்தியா' என்ற கப்பல் சென்றது. அதில் சிகாகோ சர்வமத மகாசபைக்குப் போய்க்கொண்டிருந்தார் முப்பது வயதுத் துறவி ஒருவர். சென்னையில் அளசிங்கப் பெருமாளும் அவருடைய தோழர்களும் வீடு வீடாகப் படியேறிப் பணம் திரட்டிக் கொடுத்து அனுப்பிய விவேகானந்த ஸ்வாமிகள்தாம் அவர். சென்னை நண்பர்களுக்குத் தெரிந்த குளிரெல்லாம் மார்கழிப் பனிதானே! கம்பளி உடுப்பு வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றவில்லை. வட பசிபிக்கின் குளிரில் ஸ்வாமிகள் மிகவும் சிரமப்பட்டார்.

அதே கப்பலில் ஐம்பத்து நான்கு வயதுப் பம்பாய் வியாபாரி ஒருவரும் இருந்தார். அவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா. ஒருவர் காவி தரித்தவர். மற்றவர் பஞ்சாலை முதலாளி. கரையில் இவ்விருவரும் பத்து நாளுக்கு மேல் சேர்ந்தாற்போல் ஒரே கூரையின் கீழ் இருக்க நேர்ந்திருக்குமா என்பது சந்தேகமே. கடல் அதைச் செய்து வைத்தது.

பிறகு ஐந்து வருஷம் சென்றது. 1898-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் டாட்டா ஸ்வாமிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜப்பானிலிருந்து உடன் வந்த பிரயாணியைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையோடு அக்கடிதம் தொடங்குகிறது. இந்தியாவில் வளர்ந்துவரும் துறவு மனப்பான்மையை அழித்துவிடாமல் பயனுள்ள துறைகளில் திருப்ப வேண்டும் என்று அன்று ஸ்வாமிகள் சொன்னதைத் தாம் நினைவில் வைத்திருப்பதாகவும், தாம் நிறுவ எண்ணியிருக்கும் விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஆதரவாக ஒரு பிரசுரம் எழுதித் தர இயலுமா என்றும் அதில் கேட்டிருந்தார். மறு வருஷம், ஸ்வாமிகளின் இயக்கத்தைச் சேர்ந்த 'பிரபுத்த பாரத' பத்திரிகை அத்திட்டத்தை ஆதரித்து எழுதியது.

1902-இல் ஸ்வாமிகள் மறைந்தார். 1904-இல் டாட்டாவும் மறைந்தார். 1909-இல் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் உதயமாயிற்று. 1933-இல் அதன் முதல் இந்திய டைரக்டராகப் பொறுப்பேற்றவர் நமது ஸர் சி. வி. ராமன். கப்பலில் பேசிய பேச்சினாலேயே கழகம் பிறந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சை ஒருவர் ஐந்து வருஷம் மனத்தில் சுமந்திருந்தார். வேளை வந்தபோது எடுத்துக் கடிதம் எழுதினார். நம்மில் எத்தனை பேருக்கு ஐந்து வருஷத்துக்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் சொன்னது நினைவிருக்கிறது?

இக்காலத்துக் கப்பல்களில்

இன்று உல்லாசக் கப்பல் என்பது மிதக்கும் பட்டணமாகிவிட்டது. 2024-இல் கடலில் இறங்கிய 'ஐகான் ஆப் தி ஸீஸ்' கப்பலில் 7,600 பிரயாணிகள் வரையில் ஏறலாம். அதாவது நூறு குவேக்கர் ஸிட்டிகள்! சென்னைத் துறைமுகத்திலிருந்தும் 2022-இல் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. நீச்சல் குளம், நாடகசாலை, ஆறேழு விதச் சாப்பாட்டுக் கூடங்கள் எல்லாம் இருக்கின்றன. முன்னாளில் யார் எந்த மேஜையில் உட்கார வேண்டும் என்று கப்பலிலேயே ஏற்பாடு செய்வார்கள். பிரயாண முழுவதும் அதே முகங்களோடுதான் சாப்பிட வேண்டும். இக்காலத்தில் எந்த வேளையிலும் எந்த மேஜையிலும் உட்காரலாம் என்ற சௌகரியம் பல கப்பல்களில் வந்துவிட்டது. சௌகரியம் வந்த வாசல் வழியாகச் சகபிரயாணி வெளியே போய்விட்டார். போதாக்குறைக்கு, மனிதர்கள் தங்கள் வீட்டையும் ஊரையும் கைப்பேசியில் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கடலைப் பார்த்துச் சலித்தால் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பதில்லை; கையைப் பார்க்கிறார்கள்.

ஆனாலும் கடல் தன் குணத்தை முற்றும் விட்டுவிடவில்லை. சில வருஷங்களுக்கு முன் சென்னையிலிருந்து இப்படி ஒரு கப்பலில் நாமும் போய் வந்தோம். இரண்டாம் நாள் விடியற்காலையில் மேல்தளத்தில் ஒரு முதியவரும் அவர் மனைவியும் மட்டும் நின்றிருந்தார்கள். தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"முப்பத்தொரு வருஷம் கப்பல்ல இருந்தேன், சார். கடலைப் பார்த்தது கொஞ்சம்" என்றார். வேலையெல்லாம் கீழே, எண்ணெயும் உஷ்ணமும் இரைச்சலுமாக. மேலே வரும்போது தூக்கந்தான் முக்கியம். ஓய்வுபெற்ற பிறகு பிள்ளைகள் சீட்டு வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

காலடியில் மெல்லிய அதிர்வு இருந்தது. "இதுதான் எஞ்சின். இது கொஞ்சம் மாறினாலும் எனக்கு முழிப்பு வந்துடும்" என்று மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. நாலு திசையிலும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவு தண்ணிக்கு நடுவுலயா இருந்தீங்க?" என்று கேட்டார். முப்பத்தொரு வருஷம் தபாலையும் தந்தியையும் எதிர்பார்த்துக் கரையில் காத்திருந்தவர் கேட்ட கேள்வி அது. முதியவர் பதில் சொல்லவில்லை. சூரியன் வரும் வரையில் மூவரும் பேசாமல் நின்றோம்.

இப்போதும் பொங்கலன்று அவரிடமிருந்து டெலிபோன் வருகிறது. "கடல் எப்படி இருக்கு, சார்?" என்பதுதான் அவருடைய முதல் விசாரணை. கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதற்காகவே பொங்கலுக்கு முதல் நாள் மாலை நாம் மெரினாவுக்குப் போவது வழக்கமாகிவிட்டது.

கரையில் செய்ய வேண்டியது

விடுமுறைக்குக் குடும்பத்தோடு கப்பலேறும் நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சொற்பமே. சாப்பாட்டு நேரத்தில் ஒரு வேளையேனும் காலியான மேஜையைத் தேடாமல், ஆள் இருக்கும் மேஜையைத் தேடுங்கள். வயது முதிர்ந்தவர்கள் தனியாக உட்கார்ந்திருந்தால் குழந்தைகளை அவர்களிடம் அனுப்புங்கள். பெரியவர்களுக்கு வராத கேள்விகள் குழந்தைகளுக்கு வரும். வாய் ஓயாத ஆசாமியிடம் அகப்பட்டுக்கொண்டால் அரை நாள் பொறுத்துப் பாருங்கள். முதல் அரை நாள் எல்லா மனிதர்களும் தங்கள் உத்தியோகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அதற்குப் பிறகுதான் தங்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விலாசம் வாங்கிக்கொண்டு இறங்குங்கள். வாங்கிய விலாசத்துக்கு ஒரு மாதத்துக்குள் இரண்டு வரியாவது எழுதுங்கள். சகபிரயாணி யார் என்பதைத் தீர்மானிப்பது சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தா. அவர் சிநேகிதராவதைத் தீர்மானிப்பதோ நாம். டாட்டாவுக்கு அந்தக் கடிதத்தை எழுத ஐந்து வருஷம் ஆயிற்று என்பதை நினைத்தால், பழைய பிரயாணங்களில் பெற்ற விலாசங்களுக்குக்கூட இன்னும் காலம் கடந்துவிடவில்லை.