வாசலில் ஒரு ஆவாரை!

கடலோர நிலத்தடி நீரில் உப்பேறி வரும் புதுச்சேரியில், கோடையில் ரோஜாவுக்குத் தண்ணி ஊற்றி மாளாது. நம்ம ஊர் ஆவாரையோ வெயிலிலும் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும்!

வளர்ப்பது சுலபம். விதைத்தோல் கெட்டி, வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது நல்ல வெயில் படும் இடத்தில் ஊன்றுங்கள். மணல் கலந்த மண்ணே போதும். தண்ணீர் தேங்கத்தான் கூடாது. முதல் கோடையில் மட்டும் அவ்வப்போது ஊற்றினால் சரி. பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்யுங்கள்.

பூவை நிழலில் காயவைத்துக் கஷாயம் போடுவது பழைய வழக்கம். சர்க்கரைக்காரர்களே, ஜாக்கிரதை! மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் சர்க்கரை ரொம்ப இறங்கி வியர்வை, படபடப்பு, மயக்கம் வரலாம். 'பூ குடிக்கிறோமே' என்று மாத்திரையை நிறுத்துவதோ பெரிய ஆபத்து. டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.