நிலத்தில் அத்துமீறிப் பிரவேசிப்போரும் குடியானவர் கைக்கொள்ள வேண்டிய முறைகளும்

திண்டுக்கல்லுக்கு மேற்கே பழனிமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்தது கன்னிவாடி. அதன் ஒரு புறம் காப்புக்காடு. மறு புறம் சோளமும் பருத்தியும் தென்னையும் விளையும் சமவெளி. இவ்விதமான இடத்தில் நிலம் வைத்துப் பிழைக்கும் குடியானவருக்கு அழையாத விருந்தினர் பலர் உண்டு. மேய்ப்பவன் கண்ணுக்குத் தப்பிய ஆட்டு மந்தை, பட்டிமாடு, குறுக்கு வழியாக நடந்து செல்வோர், புல்லும் விறகும் சேகரிப்போர், ஆண்டுக்கு ஒரு சாண் வீதம் வரப்பை வெட்டி உள்ளே வரும் பக்கத்து நிலத்துக்காரர், இரவில் தேங்காய் பறிப்போர், மலையிலிருந்து இறங்கும் யானை, காட்டுப்பன்றி என்று அவ்வரிசை நீண்டுகொண்டே போகும்.

சங்கத்தில் பயிர்க்கடன் பெற்றுச் சாகுபடி செய்த அங்கத்தினர் ஒருவரின் பயிர் இவ்விதம் அழியுமாயின், அது அவருக்கு ஒரு நஷ்டம். அந்த ஆத்திரத்தில் தடியை எடுத்து, அடிதடி வழக்கில் அகப்பட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடப்பாராயின், அது இரண்டாவது நஷ்டம். முதல் நஷ்டத்தை அடுத்த போகத்தில் ஓரளவு ஈடுசெய்யலாம். இரண்டாவது நஷ்டம் நிலத்தையே விற்கச் செய்துவிடும்; கடனும் தவணை தவறும். ஆகையால் நிலத்துக்குள் வருவோரைக் கையாளும் முறையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

வருகிறவர் யார் என்று முதலில் பிரித்தறிதல்

நிலத்துக்குள் கால் வைக்கும் எல்லோரும் அத்துமீறியவர் ஆகமாட்டார்கள். பாத்தியத்தின் பேரில் வருவோர் சிலர். அனுமதியின் பேரில் வருவோர் சிலர். அறியாமல் வருவோர் சிலர். தீய எண்ணத்துடன் வருவோர் சிலர். இவர்கள் நால்வரையும் ஒரே தடியால் ஓட்ட முயல்வதே பெரும்பாலான தகராறுகளுக்கு மூலகாரணம்.

பாத்தியம் எப்படி உண்டாகிறது என்பதை 1882-ஆம் வருஷத்து வசதி உரிமைச் சட்டம் விளக்குகிறது. அச்சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்கு அமுலாக்கப்பட்டது. ஒருவர் மற்றொருவரது நிலத்தின் வழியாக 20 வருஷ காலம் இடைவிடாமல், சமாதானமாக, எல்லோரும் அறிய, தமக்குரிய உரிமை என்ற முறையில் நடந்து வந்தாராயின், அவருக்கு நடைபாதைப் பாத்தியம் உண்டாகலாம். சகோதரர்கள் பாகம் பிரித்துக்கொண்டதில் உள்ளே அகப்பட்ட நிலத்துக்கு வேறு வழியே இல்லையெனில், அந்த அவசியத்தை முன்னிட்டும் வழிப் பாத்தியம் பிறக்கிறது. இத்தகைய பாதையை முள் வெட்டிப்போட்டு அடைத்தால், அடைத்த நிலத்துக்காரரே சட்டத்தை மீறியவர் ஆகிறார்.

அனுமதியின் நிலை வேறு. "போய்வாருங்கள்" என்று நல்லெண்ணத்தால் சொல்லப்பட்ட அனுமதி எத்தனை வருஷம் நீடித்தாலும் பாத்தியமாக மாறாது. சாதாரணமாக அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் கூடும். ஆனால் அது அனுமதியே என்பதற்குச் சாட்சி வேண்டுமே! தகப்பனார் காலத்தில் வாய்வார்த்தையாகக் கொடுத்த அனுமதி, பிள்ளைகள் காலத்தில் உரிமை என்று வாதாடப்படுவதைக் கிராமங்களில் காணலாம். ஆதலால் வண்டி செல்லவோ, கிணற்றில் தண்ணீர் எடுக்கவோ அனுமதிக்கும்போதே, அது அனுமதி மாத்திரமே என்று ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு வைப்பது நலம். இதனால் நேசம் கெடாது. பின்னால் கெடக்கூடிய நேசம் காப்பாற்றப்படும்.

எல்லையை நிச்சயித்தல்

எல்லை தெரியாத நிலத்தில் அத்துமீறல் எது என்று சொல்வதற்கில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி என்பதுபோல், தனக்கு வேண்டிய இருவரைக் காட்டி எல்லையை நிரூபிக்க முயல்வது வீண். 1923-ஆம் வருஷத்துச் சர்வே மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி நாட்டப்பட்ட சர்வே கற்களும், புலப்படமுமே தக்க சாட்சிகள். முன்னாளில் இக்கணக்குகள் கர்ணத்தின் கையில் இருந்தன. 1980-ல் அப்பதவி நீக்கப்பட்டபின் கிராம நிர்வாக அதிகாரி அவ்வேலையைப் பார்த்து வருகிறார்.

பட்டா, அடங்கல், புலப்படம் ஆகியவற்றின் நகல்களை அங்கத்தினர் தம் வீட்டில் வைத்திருக்க வேண்டும். கல் சாய்ந்தோ மறைந்தோ போயிருந்தால், தாலுகா ஆபீசில் கட்டணம் செலுத்தி, பக்கத்து நிலத்துக்காரருக்கும் தகவல் கிடைக்கச் செய்து, சர்வேயரைக் கொண்டு அளந்துகொள்ளலாம். இரு தரப்பாரும் நேரில் நின்று அளக்கப்பட்ட எல்லையில் கிளுவையோ கள்ளியோ நட்டு உயிர்வேலி போட்டுவிட்டால், பின்னால் வரக்கூடிய தகராறுகளில் பாதி அன்றே தீர்ந்துவிடும்.

வரப்பைத் தள்ளி நிலத்தைப் பிடிக்கும் அயலாரிடத்தில் காலதாமதம் கூடாது. நிலத்தில் இருந்தவர் ஒருவரை அவர் சம்மதமின்றியும் சட்டமுறையின்றியும் வெளியேற்றினால், 1963-ஆம் வருஷத்துத் தனிப் பரிகாரச் சட்டப்படி 6 மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து, உரிமைப் பத்திரத்தைப் பற்றிய விவாதத்துக்கு இடமின்றியே அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். அந்த 6 மாதத்தைத் தவறவிட்டாலும் உரிமையை நிரூபித்து மீட்க வழியுண்டு. ஆனால் எதிரியானவர் தமக்கே சொந்தம் என்று வெளிப்படையாக 12 வருஷம் அனுபவித்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப்போம். பட்டணத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையேனும் ஊருக்கு வந்து தம் நிலத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

தீய எண்ணத்துடன் வருவோர்

பிறர் நிலத்தில் நுழைவது மாத்திரமே குற்றமாகாது. குற்றம் செய்யும் கருத்துடனோ, நிலத்தை அனுபவிப்பவரைப் பயமுறுத்தவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ நுழைந்தால்தான் அது குற்றமுறு அத்துமீறல் ஆகும். சட்டப்படி உள்ளே வந்தவர் அத்தகைய கருத்துடன் அங்கேயே தங்கினாலும் அப்படியே. 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த இலக்கணம், 1-7-2024 முதல் அமுலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. அதற்குத் தண்டனை 3 மாதம் வரை காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்குள் நுழைந்தால் காவல் ஒரு வருஷம் வரை நீளும்.

ஆகவே வழி தவறி வந்தவரிடம் வழியைக் காட்டி அனுப்புவதே தகும். வேண்டுமென்று வருகிறவரிடம், "இது என் நிலம், வெளியே செல்லுங்கள்" என்று தெளிவாக, வசைச்சொல் இன்றி, சாட்சிகள் கேட்கச் சொல்ல வேண்டும். போகாவிடில் நாள், நேரம், செய்த சேதம், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து இரசீது பெறவேண்டும். இந்நாளில் அனேகமாக எல்லோர் கையிலும் செல்போன் இருப்பதால், சேதத்தைப் படம் எடுத்து வைப்பதும் எளிது.

தன் சொத்தைத் தானே காத்துக்கொள்ளும் தற்காப்பு உரிமையைச் சட்டம் குடியானவருக்கு வழங்கியே இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருக்கும்போது அந்த உரிமை இல்லை. அவசியமானதற்கு மேல் ஊறு செய்யவும் உரிமை இல்லை. வெறும் அத்துமீறலைத் தடுப்பதற்காக ஒருவரது உயிரைப் போக்குவதைச் சட்டம் ஒருபோதும் மன்னிப்பதில்லை. நான்கு தேங்காய்க்காக ஒருவரைக் கட்டிவைத்து அடித்தவர், புகார்க்காரராக இருக்க வேண்டியவர், எதிரிக் கூண்டில் நிற்க நேரிடும்.

கால்நடைகள்

மாடு ஆடுகளுக்கு எல்லைக்கல் தெரியாது. அவற்றை அடித்து ஊனப்படுத்துவது பாவமும் குற்றமும் ஆகும். 1871-ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம் இதற்கு ஒரு நேர்மையான வழியை வகுத்தது. நிலத்தில் நுழைந்து பயிரைச் சேதப்படுத்தும் கால்நடையைச் சாகுபடி செய்பவர் பிடித்து, 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த உரிமையைப் பயிர்ச் செலவுக்குப் பணம் முன்கொடுத்தவருக்கும் அச்சட்டம் அளித்தது கவனிக்கத்தக்கது. கடன் கொடுத்தவருக்கும் பயிரின் க்ஷேமத்தில் பங்கு உண்டென்று கூட்டுறவு இயக்கம் இந்நாட்டில் தோன்றுவதற்கு முன்பே சட்டம் கண்டிருந்தது.

பிடித்த மாட்டைத் தம் கொட்டிலில் கட்டிவைத்துக்கொண்டு, "பணம் கொடுத்தால்தான் அவிழ்ப்பேன்" என்பது அச்சட்டத்துக்கு ஒவ்வாத செயல். தவறாகப் பிடிக்கப்பட்ட மாட்டின் சொந்தக்காரர் 10 நாளைக்குள் மாஜிஸ்டிரேட்டிடம் முறையிடவும் அதில் இடம் உண்டு. பவுண்டில் கட்டும் அபராதம் நிலத்துக்காரருக்குச் சேர்வதல்ல. பயிர்ச் சேதத்துக்கு நஷ்டஈடு கோரி அவர் தனியே வழக்கிடலாம். பல ஊர்களில் பழைய பவுண்டுகள் மறைந்துவிட்டன. அவ்விடங்களில் மாட்டைப் பிடித்தவர் தாமதமின்றிப் பேரூராட்சிக்கோ, ஊராட்சிக்கோ, போலீசுக்கோ தெரிவித்து ஒப்படைப்பதே பத்திரமான வழி.

மந்தையைப் பகையாகவே நினைக்கவும் வேண்டியதில்லை. கதிர் நிற்கையில் அத்துமீறி வரும் அதே ஆட்டு மந்தையை, அறுவடை ஆனபின் குடியானவர் கூலி கொடுத்து அழைத்துக் கிடை போடச் சொல்கிறார். இரவெல்லாம் தங்கும் ஆடுகளின் புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு நல்ல எரு. ஆகவே எந்தத் தேதிக்கு மேல் எந்தப் புலத்தில் மேயலாம், எந்த வழியாக மந்தை செல்லலாம் என்று விதைப்புக்கு முன்பே ஆட்டுக்காரருடன் பேசி முடிவு செய்துகொண்டால் இரு திறத்தாருக்கும் லாபம்.

காட்டு விலங்குகளும் மின்கம்பியும்

கன்னிவாடி வனச்சரகத்தை ஒட்டிய நிலங்களில் யானைகள் புகுந்து பயிரை அழிப்பது அடிக்கடி நேரும் துன்பம். அத்துன்பம் மெய்யே. ஆனால் அதற்காக வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் பாய்ச்சி வேலி போடுவது பெரும் கேடு. இருட்டில் வரப்பில் வரும் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும், தண்ணீர் பாய்ச்சப் போகும் சொந்த மகனையும் அக்கம்பி வேறுபடுத்தி அறியாது. தமிழ்நாட்டில் இவ்விதம் மாண்ட மனிதரும் யானைகளும் பலர். மனிதர் இறந்தால் கொலைக்கு ஒப்பான வழக்கு வரக்கூடும். யானை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அதைக் கொன்றவருக்கு 3 வருஷத்துக்குக் குறையாத காவல் உண்டு.

விதிப்படியான சூரிய மின்வேலி வேறு வகையைச் சேர்ந்தது. அதிலுள்ள கருவி, ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை மிகச் சிறிய துடிப்பாக மின்சாரத்தை அனுப்புகிறது. தொட்ட பிராணி அதிர்ந்து விலகும், மாளாது. காடுகளை ஒட்டிய நிலங்களில் இவ்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு சர்க்கார் 2023-ல் விதிகள் இயற்றியுள்ளது. போடுவதற்கு முன் வன இலாகாவைக் கேட்டுச் செய்வது கடமை. பயிர் அழிந்தால் அழிந்த நிலையிலேயே படம் எடுத்து, வனச்சரக ஆபீசுக்கும் கிராம நிர்வாக அதிகாரிக்கும் உடனே தெரிவித்தால் நஷ்டஈட்டுக்கு வழி உண்டு. சேதமான தட்டையை அறுத்துப்போட்டபின் கேட்பவருக்குச் சாட்சி இல்லை.

சங்கம் செய்யத்தக்கது

தனித்து நிற்கும் குடியானவர் இரவில் தூங்காமல் எத்தனை நாள் காவல் இருக்க இயலும்? பத்து அங்கத்தினர் ஒன்றுசேர்ந்தால் முறை வைத்துக் காக்கலாம். அடுத்தடுத்த புலங்களை ஒரே நாளில் அளக்க ஏற்பாடு செய்யலாம். மேய்ச்சல் தேதியை மகாசபையில் பேசி, மந்தைக்காரரையும் அழைத்து முடிவு செய்யலாம். சிறு தகராறுகளைப் பஞ்சாயத்தார் சூடு ஆறுவதற்குள் கூட்டிவைத்துத் தீர்க்கலாம். அவ்விதம் தீர்த்ததை எழுத்தில் பதிவு செய்தல் வேண்டும்.

வருகிற விதைப்புக் காலத்துக்கு முன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் நிலத்தின் நான்கு மூலைக் கற்களையும் ஒருமுறை சென்று பார்ப்பாராக. கல் இல்லாத மூலை இருந்தால், பக்கத்து நிலத்துக்காரரைச் சண்டைக்கு அழைப்பதற்கு முன், அளவைக்கு அழைப்பாராக.