பிராதும் தீர்ப்பும்

கல்லூரியில் பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணவர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் வருமாறு: புதிய கண்டுபிடிப்பு என்று பத்திரிகைகள் ஒரு நாள் பறைசாற்றுகின்றன. சில மாதங்கள் சென்றதும் அது சந்தேகத்துக்குரியது என்கின்றன. பின்னர் இல்லவே இல்லை என்கின்றன. 2025-ம் வருஷத்தில், வேற்றுக் கிரகமொன்றில் உயிர் இருப்பதற்கு அடையாளம் கண்டவர் நம் தேசத்தில் பிறந்தவர் என்று கேட்டு அவருடைய நண்பர்கள் பூரித்தார்களாம். இவர் சற்றுத் தயங்கியதும், தேசாபிமானமற்றவர் என்று தூற்றினார்களாம். விஞ்ஞானிகளே ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருக்கையில் சாமானியன் எதைத்தான் நம்புவது என்று அவர் கேட்கிறார்.

இக்கேள்வி ஒரு மாணவருக்கு மட்டும் உரியதன்று. பொதுக் காரியங்களில் ஈடுபட்டு, நாள்தோறும் பத்திரிகை படித்து, படித்ததைப் பிறருக்கும் எடுத்துச் சொல்லும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய விஷயமாகும்.

நீதி ஸ்தலங்களில் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசம் நன்கு தெரியும். பிராது வேறு, தீர்ப்பு வேறு. வாதி எவ்வளவு யோக்கியராயிருந்தாலும், அவர் தாக்கல் செய்த பிராதைப் படித்த மாத்திரத்தில் எந்த நீதிபதியும் டிக்ரி கொடுத்துவிடமாட்டார். சாட்சிகள் கூண்டேற வேண்டும். குறுக்கு விசாரணை நடக்க வேண்டும். ருசுக்களை எதிர்த் தரப்பார் புரட்டிப் பார்க்க வேண்டும். விஞ்ஞானத்தில் ஒரு கண்டுபிடிப்பைப்பற்றி வரும் முதல் செய்தி பிராதே ஆகும். அதைத் தீர்ப்பென்று மயங்குவதிலிருந்தே மாணவருடைய சங்கடம் பிறக்கிறது.

அவர் குறிப்பிடும் கிரகத்தையே எடுத்துக்கொள்வோம். சிம்ம ராசி மண்டலத்தில், சுமார் 124 ஒளி வருஷத் தூரத்தில், சிறிய சிவப்பு நட்சத்திரமொன்றைச் சுற்றிவருகிறது அது. கே2-18பி என்பது அதன் பெயர். காசியில் கல்வி பயின்று, இப்பொழுது கேம்பிரிட்ஜ் ஸர்வகலாசாலையில் ஆசிரியராயிருக்கும் நிக்கு மதுசூதனும் அவருடைய சகாக்களும் ஜேம்ஸ் வெப் என்னும் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கொண்டு அதை ஆராய்ந்தார்கள். கிரகம் தன் நட்சத்திரத்தின் குறுக்கே செல்லும்போது, நட்சத்திர ஒளியில் ஒரு சிறு பகுதி கிரகத்தின் வாயு மண்டலத்தினூடே புகுந்து நம்மை அடைகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய ஒளிப் பகுதியை விழுங்கிவிடுகிறது. எந்தப் பகுதி குறைகிறது என்பதைக்கொண்டு எந்த வாயு இருக்கிறது என்று ஊகிக்கலாம். இம்முறையில், டைமீதைல் ஸல்பைடு அல்லது அதற்கு நெருங்கிய உறவான ஒரு வாயு அங்கு இருப்பதற்கு அடையாளம் காண்பதாக 2025 ஏப்ரலில் அவர்கள் தெரிவித்தார்கள். நம் பூமியில் இவ்வாயு பெரும்பாலும் கடலில் வாழும் நுண்ணுயிர்களாலேயே உண்டாகிறது. ஆகவேதான் உலகம் பரபரப்படைந்தது.

ஆனால் அவர்கள் கூறியதை முழுதும் படிக்க வேண்டும். அவ்வாயுக்கள் இல்லாதிருந்தும் தற்செயலாக இத்தகைய அடையாளம் தோன்றுவதற்கு ஆயிரத்தில் சுமார் மூன்று பங்கு வாய்ப்புண்டு என்பது அவர்கள் கணக்கு. பௌதிக சாஸ்திரத்தில் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்வதற்கு அவ்வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாயிருக்க வேண்டும் என்பது வழக்கம். மேற்கொண்டு பல மணி நேரம் பார்த்தாலன்றி உறுதி கூற முடியாதென்று அவர்களே சொன்னார்கள். தலைப்பு எழுதியவர்களிற் பலர் அவ்வாக்கியத்தை விட்டுவிட்டார்கள். பின்னர் வேறு சில ஆராய்ச்சியாளர் அதே அளவைகளைத் திரும்பக் கணித்து, ருசு போதாது என்றார்கள். அதற்கு முன்பே, 2024-ல், 67பி என்ற வால்நட்சத்திரத்திலும் அதே வாயுவின் அடையாளம் தெரிவதாக ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. உயிரில்லாத இடத்தில் அது உண்டாகுமானால், அது ஒன்றையே உயிருக்குச் சாட்சியாகக் கொள்ளலாமா? ஆகவே இவ்வழக்கு தள்ளுபடியாகவுமில்லை, டிக்ரியாகவுமில்லை. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. இவ்வளவுதான் இன்று நேர்மையாகச் சொல்லக்கூடியது.

விஞ்ஞானிகள் சொன்னதை மாற்றிக்கொள்கிறார்கள் என்பது மாணவரின் குறை. நாமோ அதையே அவர்களுடைய பெருமையாகக் கருதுகிறோம். 2011 செப்டம்பரில், நியூட்ரினோ என்னும் நுண் துகள்கள் ஜினீவாவிலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் பூமிக்குள்ளேயே சென்று இத்தாலியின் கிரான் ஸாஸோ மலையை அடைவதில் ஒளியையும் முந்திவிட்டதாக ஒரு கோஷ்டியார் அறிவித்தார்கள். முந்தியது எவ்வளவு? ஒரு வினாடியை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் சுமார் 60 கூறு. ஐன்ஸ்டைனின் கொள்கை கவிழ்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. கோஷ்டியாரோ, தவறு எங்கேனும் இருந்தால் காட்டுங்கள் என்று உலகத்தாரையே வேண்டிக்கொண்டார்கள். தங்கள் கருவிகளைத் தாங்களும் விடாமல் சோதித்தார்கள். ஒளியைக் கொண்டுசெல்லும் கண்ணாடி இழைக் கம்பி ஒன்று சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தது 2012-ல் வெளிப்பட்டது. அதே மலையில் இருந்த பிற கருவிகளும் துகள்கள் ஒளியை முந்தவில்லை என்றே சாட்சி கூறின. பிராது வாபஸாயிற்று. தமக்கு விரோதமான ருசுவைத் தாமே தேடி எடுத்து உலகின்முன் வைக்கும் வாதியை நம் கோர்ட்டுகளில் எங்கே காண்கிறோம்?

இதனினும் விசேஷமான ஒன்றுண்டு. ஐன்ஸ்டைன் 1916-ல் ஊகித்த ஈர்ப்பு அலைகளைக் கண்டறிய அமெரிக்காவில் இரண்டு பெரிய நிலையங்கள் நிறுவப்பட்டன. அவற்றிடையே தூரம் சுமார் 3,000 கிலோமீட்டர். 2010 செப்டம்பரில் அங்கு ஓர் அடையாளம் தோன்றியது. ஆராய்ச்சியாளர் பல மாதங்கள் உழைத்து, கட்டுரையும் தயாரித்து முடித்தார்கள். 2011 மார்ச்சில் ஓர் உறை திறக்கப்பட்டது. அந்த அடையாளம், ஒரு சிலருக்கு மட்டும் தெரிந்து, சோதனைக்காகக் கருவியில் ரகசியமாகச் செலுத்தப்பட்ட பொய் அடையாளம் என்று அதில் எழுதியிருந்தது! தம் விசாரணை முறை சரிதானா என்று பார்க்கத் தாமே ஒரு பொய்ச் சாட்சியை நிறுத்திக்கொண்டார்கள். இப்படிப் பழகியவர்களுக்கு 2015 செப்டம்பர் 14-ம் தேதி உண்மையான அலை வந்தது. 130 கோடி ஒளி வருஷத்துக்கு அப்பால் இரு கருந்துளைகள் மோதி ஒன்றானதில் எழுந்தது அது. இரு நிலையங்களும், வினாடியில் ஆயிரத்தில் ஏழு பங்கு முன்பின்னாக, ஒரே சாட்சியம் கூறின. அப்பொழுதும் உடனே கொட்டு முழக்கவில்லை. ஐந்து மாதங்கள் பரிசோதித்து 2016 பிப்ரவரி 11-ம் தேதியன்றே உலகுக்கு அறிவித்தார்கள்.

இனி, தேசாபிமானத்தைப்பற்றிய கேள்வி. நம்மவர் சொன்னதை நாம் சந்தேகிக்கலாமா? சர் சி. வி. ராமன் 1928 பிப்ரவரி 28-ம் தேதி கல்கத்தாவில் கண்ட ஒளி விளைவு, அவர் இந்தியர் என்பதனால் நிலைபெறவில்லை. அயல்நாட்டுச் சாலைகளில் அந்நியர் அதைச் செய்துபார்த்து உண்மையென ஒப்புக்கொண்டதனால் நிலைபெற்றது. 1930-ல் நோபல் பரிசு வந்ததும் அதனாலேயே. 2023 ஜூலையில் தென் கொரியாவில் சிலர், சாதாரண வெப்ப நிலையிலேயே தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருளொன்றைக் கண்டதாக அறிவித்தபோது, அதைச் செய்துபார்த்து அத்தன்மை இல்லை என்று கூறியவர்களுள் டில்லி தேசீயப் பௌதிக ஆராய்ச்சிச் சாலையாரும் இருந்தார்கள். இல்லை என்று கூறியதும் தேச சேவையே. மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி ஜில்லாவில் ஈர்ப்பு அலை நிலையம் அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய மந்திரி சபை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு அனுமதியளித்தது. உலக நீதி ஸ்தலத்தில் பாரத தேசமும் ஒரு நம்பிக்கையான சாட்சியாக நிற்பதற்கு அது வழி. சோதனையைக் கண்டு அஞ்சும் பெருமை பெருமையன்று. மாணவருடைய தயக்கத்தில் தேசத் துரோகம் ஏதுமில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். எல்லாவற்றையும் சந்தேகிப்பதே அறிவு என்று நினைப்போரும் உண்டு. விசாரித்து முடிந்த வழக்கைத் திரும்பக் கிளப்ப வேண்டுமானால் புதிய ருசு வேண்டும். வெறும் சந்தேகம் போதாது. அம்மை குத்துவதன் பயன் பல தேசங்களில், பல தலைமுறைகளாக விசாரிக்கப்பட்டது. அதன் பலனாகவே 1980-ல் பெரியம்மை உலகைவிட்டு ஒழிந்ததென உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. நேற்றுத் தாக்கலான பிராதையும் இத்தகைய தீர்ப்பையும் ஒரே தராசில் நிறுப்பது அறியாமையாகும்.

விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராயும் உணர்ச்சியையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜைக்கும் கடமையென்று 1976-ல் செய்யப்பட்ட 42-வது திருத்தத்தின் மூலம் நம் அரசியல் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. இக்கடமையை நிறைவேற்றப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகள் கேட்டால் போதும். சொல்பவர் எதை நேரில் அளந்தார், எதை ஊகித்தார்? தற்செயலாக நேர்ந்திருக்க எவ்வளவு இடமுண்டு? சம்பந்தமில்லாத வேறொருவர் செய்துபார்த்தாரா? சொல்பவரே விதிக்கும் நிபந்தனை என்ன? பிராதைக் கொட்டை எழுத்தில் வெளியிடும் பத்திரிகைகள் தீர்ப்பையும் அதே எழுத்தில் வெளியிடக் கடமைப்பட்டவை.

மேடையில் ஒருவர் கூறும் புள்ளி விவரத்தையும், சர்க்கார் வெளியிடும் அறிக்கையையும், கட்சித் தலைவர் அளிக்கும் வாக்குறுதியையும் இதே கேள்விகளைக்கொண்டு சோதிக்கலாம். சோதிக்கவும் வேண்டும். சொல்பவர் நம்மவர் என்பதற்காக ருசுவின்றி நம்பப் பழகிய ஜனங்களை ஆள்வது எளிது. அவர்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்வதுதான் கடினம்.