இலங்கை மலைகளின் காட்டுக்கோழி

விடியற்காலையில் முண்டியம்பாக்கத்தில் கூவும் நம் வீட்டுச் சேவலுக்குக் கடல் கடந்து ஓர் உறவுக்காரன் உண்டு. இலங்கைக் காட்டில் அவன் கூவும்போது 'கொக்கரக்கோ' என்று கேட்காது. இரண்டு மூன்று அசைகளில், வெட்டி நிறுத்தியதுபோல் குரல் முடிந்துவிடும். அந்தக் காலத்து ஆங்கிலேயர் காதில் அது 'ஜார்ஜ் ஜாய்ஸ்' என்று யாரோ ஒருவரைக் கூப்பிடுவதாக விழுந்ததாம்!

இதுவே இலங்கைக் காட்டுக்கோழி. 'காலஸ் லஃபாயெட்டி' என்பது 1831இல் இடப்பட்ட விஞ்ஞானப் பெயர். பிரெஞ்சு வீரர் லஃபாயெட்டின் நினைவாக வைக்கப்பட்டது. சிங்களத்தில் 'வலி குகுளா' என்பர். அந்நாட்டின் தேசியப் பறவை இது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மயில், கௌதாரி, காடை ஆகியவை அடங்கிய 'பாசியானிடே' குடும்பத்தைச் சேர்ந்தது.

சேவல் சுமார் 70 செ.மீ. நீளம். கழுத்தும் உடலும் பொன்னும் செம்மஞ்சளுமாக ஒளிரும். இறக்கையும் வாலும் கருஊதா. சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் திட்டு ஒன்று இருக்கும். இதை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். பெட்டை இதில் பாதியளவுதான். பழுப்பு நிறமானதால் சருகோடு சருகாக மறைந்துவிடும். தரையிலோ, சில சமயம் வேறு பிராணிகள் கைவிட்ட கூட்டிலோ இரண்டு முதல் நான்கு முட்டைகள் இடும். சுமார் 20 நாட்கள் அடைகாக்கும்.

கடற்கரைப் புதர்க்காடு முதல் ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த காடுவரை இது வாழ்கிறது. தரையைக் கிளறி விதை, உதிர்ந்த கனி, பூச்சி, கறையான் ஆகியவற்றைத் தின்னும். இரவில் மரக்கிளையில் தங்கும். மலையில் இதற்கு ஒரு பெருவிருந்து உண்டு. நம் குறிஞ்சியின் உறவான 'நில்லு' என்னும் செடிகள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே சமயத்தில் பூத்து, விதை உதிர்த்து, மடிந்துபோகும். அப்போது அந்த விதையைத் தின்னக் காட்டுக்கோழிகள் திரண்டு வரும். அளவுக்கு மீறித் தின்று மயங்கிக் கிடக்கும் என்றுகூட 19ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் சிலர் எழுதிவைத்தனர். மயக்கம் எவ்வளவு உண்மையோ, கூட்டம் கூடுவது உண்மை.

காட்டுக்கோழி இனங்கள் உலகில் நான்கே: சிவப்பு, சாம்பல், இலங்கை, ஜாவாப் பகுதியின் பச்சை. நம் வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்பு இனமே. ஆனால் அதன் மஞ்சள் கால் எங்கிருந்து வந்தது? தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து என்று 2008இல் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்டனர். உணவிலுள்ள மஞ்சள் நிறமியைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. சாம்பல் இனத்திலிருந்து வந்த மரபணு வடிவம் தோலில் அந்த நொதியை அடக்கிவிடுவதால் நிறம் தங்கிவிடுகிறது. நம் கோழிகளில் மற்றக் காட்டினங்களின் மரபணுத் துண்டுகளும் கலந்துள்ளன என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

கலப்பு ஒருவழிப் பாதையன்று. காட்டோரக் கிராமத்தில் அவிழ்த்துவிட்ட நாட்டுக்கோழி காட்டினத்தோடு இணைந்தால், காட்டின் தனி இரத்தமும் நீர்த்துப்போகும். துப்பாக்கிக்குத் தப்பிய பறவை இப்படியும் மறையக்கூடும். இறகும் குரலும் கொஞ்சங் கொஞ்சமாக மாறுவதை யார் கவனிப்பார்கள்? கோழி நோய்கள் பரவும் ஆபத்தும் இதனுடன் சேர்ந்தே வருகிறது.

அதே தீவில் 'ஹபன் குகுளா' என்ற இன்னொரு உறவினமும் உண்டு. காலில் இரட்டை முள் உடையது. மழைக்காட்டு அடர்த்தியில் ஒளிந்தே வாழும். குரலைக் கேட்டவர் பலர். கண்ணால் பார்த்தவர் சிலரே.