கணிப்பொறிக்குள் ஒரு நேரச் சக்கரம்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கச்சிராயபாளையமும் கோமுகி அணையும் பின்னால் போய்விட்டன. வண்டி கல்வராயன் மலையில் ஏறுகிறது. வீட்டிலிருக்கும் தங்கைக்குக் கைப்பேசியில் ஒரு படம் அனுப்புகிறீர்கள். அடுத்த வளைவில் சிக்னல் போய்விடுகிறது. கைப்பேசி உடனே கைவிரித்துவிடுவதில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பிப் பார்க்கிறது. பதில் வராவிட்டால் முன்னைப்போல் இருமடங்கு நேரம் காத்திருந்து மீண்டும் முயல்கிறது. மேட்டில் சிக்னல் கிடைத்ததும் படம் போய்ச் சேர்கிறது.

இந்தச் 'சற்றுப் பொறுத்தலை' யார் கவனித்துக்கொள்கிறார்கள்? கைப்பேசியும் ஒரு கணிப்பொறிதான் என்பதை நாம் அறிவோம். அதன் எல்லா வேலைகளையும் மேற்பார்வையிடும் இயக்க அமைப்பின் நடுப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். ஆண்டிராய்டுக் கைப்பேசிகளில் இருப்பது லினக்ஸ் கெர்னல். 'இத்தனை நேரம் கழித்து இந்த வேலையைச் செய்' என்று கெர்னலிடம் எழுதிவைக்கும் குறிப்பே டைமர். நேரம் வந்ததும் செய்யவேண்டிய அந்த வேலையைக் கால்பேக் என்பார்கள்.

கணிப்பொறியில் காலத்தை அளப்பது ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு. இயற்பியல் ஆசிரியனாகிய எனக்குப் படிகத்தைப் பற்றியே நாலு பக்கம் எழுத ஆசைதான். ஆனால் இங்கே வியப்பு படிகத்தில் இல்லை. அந்த அதிர்வுகளை எண்ணி, குறிப்பிட்ட இடைவெளியில் கெர்னலைத் தட்டி எழுப்புகிறது ஒரு மின்சுற்று. இதை 'டிக்' என்பர். விநாடிக்கு 250 டிக் என்று வைத்துக்கொண்டால், 4 மில்லி விநாடிக்கு ஒன்று. ஒரு மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பெரிய கணிப்பொறி ஒன்றில் ஒரே சமயத்தில் 10,000 டைமர்கள் காத்திருக்கலாம். ஒவ்வொரு டிக்கிலும் அத்தனையையும் புரட்டி, 'உன் நேரம் வந்ததா?' என்று கேட்டால் விநாடிக்கு 25 லட்சம் கேள்விகள்! அப்புறம் கணிப்பொறி எப்போது உருப்படியான வேலை செய்வது? சரி, நேர வரிசைப்படி அடுக்கிவைத்தால் முதலில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதுமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது அதற்குரிய இடத்தைத் தேடி வரிசை நெடுகப் போகவேண்டும். டைமர்களோ ஓயாமல் வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

பைகள் தைத்த துணி

இதே சிக்கல் மலையூர்ச் செவிலியருக்கும் உண்டு. சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் எந்தக் குழந்தைக்கு எப்போது அடுத்த தடுப்பூசி என்று அவர் நினைவில் வைத்திருக்கவேண்டும். பிறந்து 6 வாரம், 10 வாரம், 14 வாரம், பிறகு 9 மாதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை. இதற்காக நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் எளிய சாதனம் ஒன்று உண்டு. சுவரில் மாட்டும் ஒரு துணி; அதில் மாதத்திற்கு ஒன்றாகப் பைகள். குழந்தையின் அட்டையில் ஒரு பாதியை, அடுத்த ஊசி எந்த மாதமோ அந்தப் பையில் போட்டுவிடுவார்கள். ஆகஸ்டு பிறந்ததும் ஆகஸ்டுப் பையை மட்டும் பார்த்தால் போதும். தேடலும் இல்லை, வரிசைப்படுத்தலும் இல்லை. டிசம்பர் முடிந்தால் மறுபடி ஜனவரிப் பை, சக்கரம்போல் சுற்றிவருகிறது.

கெர்னல் செய்வதும் இதுவே. கணிப்பொறித் துறையில் இதற்கு 'நேரச் சக்கரம்' என்று பெயர். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்கா சென்ற ஜார்ஜ் வர்கீஸும், டோனி லாக் என்பவரும் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றியபோது 1987-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதை விரிவாக ஆராய்ந்தது. பத்தாண்டுக்குப் பின் 1997-ல் லினக்ஸ் கெர்னலிலும் இத்தகைய சக்கரம் இடம்பெற்றது.

ஒரே சக்கரத்தில் மில்லி விநாடியும் மாதமும் அடங்குமா? அடங்காது. எனவே அடுக்கடுக்காகச் சக்கரங்கள். இப்போதுள்ள லினக்ஸில் ஒவ்வொரு சக்கரத்திற்கும் 64 பைகள். முதற்சக்கரத்தில் பைக்கு 4 மில்லி விநாடி. முழுச் சுற்றுக்கு 256 மில்லி விநாடி. அடுத்ததில் பைக்கு 32 மில்லி விநாடி. முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 2 விநாடி. இப்படி ஒவ்வொரு படியிலும் எட்டு மடங்கு.

முன்பெல்லாம் நேரம் நெருங்க நெருங்க, பெரிய சக்கரத்திலுள்ள அட்டைகளை எடுத்துச் சிறிய சக்கரத்தில் மாற்றிப்போட்டு வந்தார்கள். 2016-ல் அதை நிறுத்திவிட்டார்கள்! போட்ட பையிலேயே அட்டை கிடக்கும். அந்தப் பையின் முறை வரும்போதுதான் வேலை நடக்கும். இதனால் ஒரு டைமர் தன் காத்திருப்பு நேரத்தில் எட்டில் ஒரு பங்குவரை தாமதமாகலாம். 256 மில்லி விநாடியில் ஒலிக்கவேண்டியது 288 வரை தள்ளிப்போகலாம்.

இது சோம்பேறித்தனம் அல்லவா? அல்ல. கெர்னலின் டைமர்களில் மிகப் பெரும்பாலானவை ஒலிப்பதற்காக வைக்கப்படுபவையே அல்ல. நீங்கள் அனுப்பிய படத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் 'கிடைத்தது' என்ற பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கே அந்த டைமர். சிக்னல் நன்றாக இருந்தால் பதில் உடனே வந்துவிடும். டைமரைத் தூக்கி எறிந்துவிடலாம். எறியப்போகும் அட்டையை இரண்டு மூன்று முறை இடம் மாற்றி அடுக்குவானேன்? போடுவதும் எடுப்பதும் மலிவாக இருந்தால் போதும். பையிலுள்ள அட்டைகள் சங்கிலிபோல் ஒன்றையொன்று பற்றியிருப்பதால், நடுவிலிருக்கும் ஒன்றையும் தேடாமலே கழற்றிவிடலாம்.

ஒலியைத் தடங்கலின்றி இசைப்பது போன்ற, நேரம் தவறக்கூடாத வேலைகளும் உண்டு. அவற்றுக்காக 2006 முதல் லினக்ஸில் தனி ஏற்பாடு இருக்கிறது; அங்கே டைமர்கள் நேர வரிசைப்படி ஒரு மரவடிவில் அடுக்கப்படுகின்றன. இன்னொன்று: வேலையில்லாதபோது கெர்னல் டிக்கையே நிறுத்திவிட்டு, அடுத்த டைமரின் நேரம்வரை உறங்கிவிடும். உங்கள் பாட்டரி நாள்முழுதும் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலி வீட்டுக்கு வந்த அட்டை

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஒரு குடும்பம் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டது. அட்டை மட்டும் பையில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செவிலியர் மலையேறிப்போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பார். அங்கே வேறு குடும்பம் குடிவந்திருந்தால் விசாரித்துத் தெரிந்துகொள்வார். கெர்னல் விசாரிக்காது. கணிப்பொறியிலிருந்து ஒரு கருவியைப் பிடுங்கிவிடுகிறீர்கள். அதற்காக ஒதுக்கிய நினைவகப் பகுதி வேறொரு வேலைக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதன் டைமர் நீக்கப்படவில்லை. நேரம் வந்ததும் கால்பேக் அந்த இடத்துக்கே போய், பழைய பொருள் இருப்பதாக எண்ணி எழுதிவிடும். கணிப்பொறி முழுவதும் நின்றுபோகலாம். பிறர் கணிப்பொறியில் திருட்டுத்தனமாக நுழைபவர்கள் இத்தகைய ஓட்டைகளைத் தேடித் திரிகிறார்கள்.

நீக்கிவிட்டால் தீர்ந்ததா என்றால், அதிலும் சிக்கல். இன்றைய கைப்பேசியில் பல செயலகங்கள் ஒரே சமயத்தில் இயங்குகின்றன. ஒன்று டைமரை நீக்கும் கணத்திலேயே இன்னொன்று அதன் கால்பேக்கை நடத்திக்கொண்டிருக்கலாம். எனவே அது முடியும்வரை காத்திருந்து நீக்கும் முறையும் கெர்னலில் உண்டு. அப்படிக் காத்திருப்பவர், கால்பேக்குக்கு வேண்டிய பூட்டின் சாவியைத் தம் கையில் வைத்திருந்தால் போச்சு! இவர் அதற்காகவும், அது இவருக்காகவும் முடிவின்றிக் காத்திருக்கவேண்டியதுதான்.

மேலும், நீக்கிய டைமரைக் கெர்னலின் வேறொரு பகுதி அறியாமல் மறுபடி பையில் போட்டுவிடுவதும் உண்டு. 2023 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 6.2-ல் இதற்கு ஒரு வழி சேர்க்கப்பட்டது. ஒரு டைமரை நிரந்தரமாக மூடிவிட்டால், பிறகு யார் அதைப் பையில் போட முயன்றாலும் கெர்னல் பேசாமல் ஒதுக்கிவிடும். செவிலியரின் துணியில் ஊரைவிட்டுப் போனவர்களின் அட்டைகளுக்கென்று ஒரு பை தனியாகவே இருக்கிறது.