வானத்து வீடும் தேக்கா வீடும்

சிங்கப்பூர் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துவிட்டது" என்பார்கள். அந்த வானுயரக் கட்டடங்களில் ஒன்றைச் சற்று உள்ளே போய்ப் பார்ப்போமா?

தஞ்சோங் பகாரில் நிற்கிறது குவோக்கோ டவர். 2016இல் கட்டி முடிந்தது. உயரம் 290 மீட்டர். தோட்டத்துத் தென்னை 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பதினான்கு தென்னைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் உச்சியை எட்டாது! கட்டிய நிறுவனம் நம் மலேசியாவின் ஹொங் லியோங் குழுமத்தைச் சேர்ந்தது.

தரைக்கு அடியில் ரயில் நிலையம். கீழ்மாடிகளில் கடைகள். அதற்கு மேல் அலுவலகங்கள். 39ஆம் மாடியிலிருந்து 64ஆம் மாடிவரை 181 வீடுகள். அதே வளாகத்தில் 200க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட ஹோட்டல்.

ஏன் இந்த அடுக்கு?

சிங்கப்பூரின் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். மக்களோ 60 இலட்சம். தரையில் இடமில்லை. அதனால் மேலே போகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அலுவலகங்கள் மட்டுமே உள்ள தெரு மாலையானால் வெறிச்சோடிவிடும். ஆகவே 2019இல் அரசு ஒரு சலுகை அறிவித்தது. நகர மையத்தில் பழைய அலுவலகக் கட்டடங்களுக்குப் பதிலாக வீடும் ஹோட்டலும் கலந்து கட்டுவோருக்குக் கூடுதல் பரப்பு கிடைக்கும். ஷென்டன் வேயில் 1986இல் கட்டிய 52 மாடிக் கோபுரம் இடிக்கப்பட்டு, அங்கே 305 மீட்டர் உயரக் கட்டடம் எழும்புகிறது.

விலை என்ன தெரியுமா? குவோக்கோ டவரின் உச்சி வீட்டை 2019இல் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜேம்ஸ் டைசன் 7 கோடியே 38 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினார். அடேயப்பா! மறு ஆண்டே நட்டத்துக்கு விற்றும் விட்டார்.

நமக்கு உகந்த கட்டடம்

இனி சிராங்கூன் சாலைக்கு வாருங்கள். 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமான லிட்டில் இந்தியாவில், பழைய கடைவீடுகள் இன்றும் தாழ்ந்தே நிற்கின்றன. கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. அங்குள்ள தேக்கா சென்டரைப் பாருங்கள். 1982இல் திறந்தது. கீழே சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும். மேலே வீவக வீடுகள். இதுவும் கலப்புக் கட்டடம்தானே! ஆனால் இது சாமானியர்களுக்கானது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கியது. 1968 முதல் தொழிலாளர்கள் தங்கள் மத்திய சேமநிதியிலிருந்தே அந்த வீடுகளை வாங்க வழி பிறந்தது. இன்று சிங்கப்பூரர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் இத்தகைய வீடுகளில்தான் வாழ்கிறார்கள். குவோக்கோ டவருக்கு அருகிலேயே, 2009இல் முடிந்த 50 மாடி வீவக கட்டடங்கள் ஏழு நிற்கின்றன. அவற்றில் 1,848 வீடுகள்!

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இந்தக் கோபுரங்களை எழுப்பும் கைகளில் தமிழ்நாட்டுக் கைகளும் வங்காளதேசத்துக் கைகளும் ஏராளம். அவர்கள் தங்குவது தொழிலாளர் விடுதிகளில். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் அவர்களைக் காணலாம்.

வாசகர்களே, நம் தோட்டங்கள் பலவும் வீடமைப்புத் திட்டங்களாக மாறிவிட்டன. உங்கள் தோட்டத்திலும் அந்தப் பேச்சு எழுந்தால் கட்டடத்தின் படத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். நமக்கு வீடு எத்தனை, எங்கே, யார் பெயரில், எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்க நமக்கும் வழி உண்டு, விசாரித்து வையுங்கள். உழைத்தவனுக்கு ஒரு வீடு இருந்தால்தான் ஊருக்கு உயரம்.