கடலோரத்தில் ஓர் இரவு: கூடாரம் எங்கே போடுவது?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "இந்தத் தடவையாவது எங்கேயாவது போகலாமே" என்று பிள்ளைகள் ஆரம்பிப்பார்கள். ஓட்டலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மனம் சுருங்கும். கடைசியில் ஒரு வேன், இரண்டு கூடாரம், கேஸ் அடுப்பு, ஊறப்போட்ட கோழி என்று முடிவாகும். நல்ல முடிவுதான். மலாக்கா மாநிலத்தில் ஜாசினில் இருந்தாலும் அலோர் காஜாவில் இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு கடற்கரைக்குப் போய்விடலாம்.

ஆனால் நேயர்களே, நாம் செய்கிற தவறு கரையில் இறங்கியவுடன் தொடங்குகிறது. பகல் வெளிச்சத்தில், பசியோடு, பிள்ளைகள் தண்ணீருக்கு இழுக்கும் நேரத்தில், எந்த இடம் அழகாகத் தெரிகிறதோ அங்கே கூடாரத்தை விரித்துவிடுகிறோம். அந்த இடத்தில் நாம் விழித்திருக்கப்போவது மூன்று நான்கு மணி நேரம். தூங்கப்போவது ஏழெட்டு மணி நேரம். இரவில் அந்த இடம் என்னவாகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

நானும் யோசிக்காதவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு ஒரு கடற்கரைக்குப் போயிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம், தவறு எங்களுடையது. போய்ச் சேர்ந்தபோது கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. "மச்சான், இங்கேயே போட்டுடுவோம். கடலைப் பாத்துக்கிட்டே படுத்துக்கலாம்" என்றார் என் மைத்துனர். அத்தை மட்டும் குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, அடியிலே ஈரமா இருக்கே" என்றார். காய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பௌர்ணமி. இரவுச் சோறு தட்டில் இருக்கும்போதே தண்ணீர் கூடாரத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. பாய், தலையணை, சின்னவளின் பால் டின் எல்லாம் நனைந்தன.

மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வடியும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் நேற்று வந்தவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்து வரும் ஓரிரு நாட்களில் ஏற்றம் மிக அதிகம். நம் பகுதியில் அந்த நாட்களில் நீர் ஏறி இறங்கும் வித்தியாசம் ஒரு மனிதனின் உயரத்தை எட்டும். மணல் சரிவு குறைவான கரையில் அந்த உயரம் எத்தனை கெஜம் உள்ளே வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டி இந்த விஷயத்தில் எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல. சரியான நேரம் வேண்டுமென்றால் நீர் ஏற்ற அட்டவணை கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது.

அட்டவணை இல்லாவிட்டால் மணலையே படிக்கலாம். கரை நெடுக, காய்ந்த கடற்பாசி, குச்சி, தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் குப்பை ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். பல இடங்களில் இரண்டு கோடுகள் இருக்கும். கீழே ஈரமாகக் கிடப்பது இன்று காலையோ நேற்றோ வந்த நீர். மேலே வெயிலில் வெளுத்துக் கிடப்பது பெரிய ஏற்றத்து நீர். அந்த மேல்கோட்டையும் தாண்டித்தான் உங்கள் கூடாரம் இருக்க வேண்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நனைந்த சாமான்களைத் தூக்கிக்கொண்டு, இருட்டில் தடவித் தடவி, சவுக்கு மரங்களுக்கு அடியில் கூடாரத்தை மாற்றினோம். இனிப் பயமில்லை என்று படுத்தோம். விடியும் முன் அத்தை என்னைத் தட்டி எழுப்பினார். "காத்து வருது மாப்பிள்ளை. புள்ளைங்களைத் தூக்குங்க." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருடம் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பால் மரம் சீவியவர் அவர். விடியற்காலையில் மேற்கே இருந்து வரும் அந்தக் காற்றும் மழையும் எத்தனை நாள் கூலியைக் கெடுத்திருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். பிள்ளைகளை வேனுக்குள் ஏற்றி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ஒரு கூடாரம் பறந்தது. இன்னொன்றின் ஓரத்தில், என் கால் மாட்டில் இருந்த இடத்தில், தொடைப் பருமனுக்கு ஒரு கிளை விழுந்து கிடந்தது.

அந்தக் காற்றுக்குச் 'சுமாத்ரா' என்றே பெயர். சுமாத்ராப் பக்கமும் நீரிணை மேலும் இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசையாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியும் முன்போ காலையிலோ நம் மேற்குக் கரையைத் தாக்கும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் அந்த நேரத்துக்குள் கூடாரத்தைப் பிடுங்கவும் கிளையை முறிக்கவும் அதற்கு வலு உண்டு. புறப்படுவதற்கு முன் வானிலைத் துறையின் அறிவிப்பைப் பார்க்காமல் போகாதீர்கள். இடி கேட்டால் கூடாரம் புகலிடமல்ல, மரத்தடியும் அல்ல. வேனுக்குள் ஏறுங்கள், அல்லது கற்கட்டடத்துக்குள் போங்கள். ஆகவே, வேனை எவ்வளவு அருகில் நிறுத்தலாம் என்பதும் இடம் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி.

கூடாரத்துக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். பட்ட கிளை இருக்கிறதா? தேங்காய்க் குலை தொங்குகிறதா? அலை அரித்து வேர் வெளியே தெரிகிற மரம், கடல் பக்கம் சாய்ந்த மரம், எவ்வளவு நிழல் தந்தாலும் வேண்டாம். சவுக்கு மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஊசி இலைகள் வெயில் காலத்தில் சட்டென்று பற்றிக்கொள்ளும், அங்கே அடுப்பு மூட்டாதீர்கள்.

சரி, எங்கே போகலாம்? முதன்முறை போகிற குடும்பத்துக்கு மஸ்ஜித் தானா பக்கம் உள்ள தஞ்சோங் பிடாராவும் பெங்காலான் பாலாக்கும் ஏற்றவை. மர நிழல் உண்டு, கடைகள் உண்டு, வேன் அருகில் வரும். காடும் கடலும் சேர்ந்த அழகு வேண்டுமென்றால் தஞ்சோங் துவான். போர்ட்டிக்சனுக்குப் பக்கத்தில், நெகிரி செம்பிலானுக்கு நடுவே இருந்தாலும் அது நம் மலாக்கா மாநில நிலம். 1606-இல் டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசியரும் கடலில் மோதிக்கொண்டது அந்த முனைக்கு எதிரில்தான். மேலே கலங்கரை விளக்கம் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுமாத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் பருந்துக் கூட்டங்களைத் தலைக்கு மேல் பார்க்கலாம். ஆனால் அது வனக் காப்பகம். அனுமதியில்லாமல் இரவு தங்க நினைக்காதீர்கள். பகலில் போய்ப் பாருங்கள், குரங்குகளிடம் சாப்பாட்டுப் பையைக் காட்டாதீர்கள், மாலையில் திரும்பிவிடுங்கள். அங்கிருந்து வரும் வழியில் லிங்கி ஆற்று முகத்துவாரம் அமைதியாக, மீன் பிடிக்க ஏற்றதாகத் தோன்றும். அந்த ஆற்றில் முதலை உண்டு. தண்ணீர் ஓரத்தில் கூடாரம் வேண்டாம்.

புலாவ் பெசார் தீவிலும் தங்குகிறார்கள். கடல் கொந்தளித்தால் படகு வராது என்பதால், கைக்குழந்தையும் நோயாளியும் உள்ள குடும்பம் அங்கே இரவு தங்குவது எனக்குச் சம்மதமில்லை.

மேட்டு நிலம்தானே பாதுகாப்பு என்று சரிவின் அடியில் போடுவதும் ஆபத்து. 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங் காலியில் மண் சரிந்து 31 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அவர்களும் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்து தூங்கிக்கொண்டிருந்தவர்கள்தான். கூடாரத் தளம் என்று பலகை வைத்துக் காசு வாங்குகிறவரிடம், நகராண்மைக் கழகத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கமில்லை. கழிவறைக்கு விளக்கு உண்டா, எத்தனை தூரம் என்றும் கேளுங்கள். இதை ஆண்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள், பெண்கள்தான் இரவெல்லாம் அவதிப்படுகிறார்கள்.

பெங்காலான் பாலாக்கில் இன்னொரு விருந்தாளியையும் நினைக்க வேண்டும். அழுங்காமை அந்தப் பக்கத்து மணலில் முட்டையிட இரவில் கரையேறுகிறது. பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறையின் ஆமைக் காப்பகம் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தடை இதுதான்: நீர்க்கோட்டுக்கு மேலே, செடி தொடங்குகிற இடத்தில் கூடாரம் போட நாம் பார்க்கும் அதே துண்டு மணலைத்தான் ஆமையும் தேடுகிறது. ஒரு விளக்கு, ஒரு நெருப்பு, நாலு பேர் நடமாட்டம் போதும், அது முட்டையிடாமல் திரும்பிவிடும். முட்டையிட்டால் நூற்றுக்கு மேல் இருக்கும், குஞ்சு வெளிவர இரண்டு மாதம் ஆகும். அந்தக் குஞ்சுகளும் கடலின் வெளிச்சம் என்று எண்ணி நம் விளக்கை நோக்கி நடந்துவிடும். ஆகவே மரங்களைத் தாண்டி, உள்பக்கப் புல் தரைக்குப் போய்விடுங்கள். கடல் தெரியாதுதான். காற்றும் அங்கே கொஞ்சம் குறைவு.

என் மைத்துனருக்கு இது இன்னும் பிடிக்கவில்லை. கடலைப் பார்க்காத கூடாரம் எதற்கு என்கிறார். அத்தை அதற்குப் பதில் சொல்வதில்லை. அடுத்த விடுமுறைக்கு நாள் குறித்தபோது, நாள்காட்டியைப் புரட்டி அமாவாசை எந்தக் கிழமை என்று பார்த்துவிட்டு, "அதுக்கு அடுத்த வாரம் போலாம்" என்றார்.